பழுப்பு நிற மலை

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசியில் நின்று மேற்கே பார்த்தவர்களுக்கு, மலைக்கு ஒரே நிறம் இல்லை என்பது தெரியும். சாரல் விழும்போது சாம்பல், கதிரவன் ஒரு கணம் எட்டிப் பார்த்தால் இளம்பச்சை, அந்தியில் நீலம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நாம் இம்மலையைப் பார்த்து வருகிறோம். ஆயினும் அதனைப் பழுப்பாகக் காணும் கண்கள் நம் குடும்பத்திலேயே உண்டு என்பதை அறிந்துகொள்ள நமக்கு நெடுங்காலம் ஆயிற்று. அறியாமையால் ஒரு சிறுவனை அடித்தும் இருக்கிறோம்.

நாம் ஆசிரியப் பணியில் இருந்த காலம் அது. தங்கையின் இளைய மகன் நம்மிடம் ஏழாம் வகுப்புப் படித்தான். வீட்டில் ‘மாமா’, வகுப்பில் ‘சார்’. இந்த ஏற்பாட்டை அவன் ஒருநாளும் மீறியதில்லை. ஒருமுறை மாவட்டப் படம் வரைந்து வருமாறு பணித்தோம். தென்காசி அப்போது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தனி மாவட்டமானது 2019-இல்தான். மலைக்காடுகளுக்குப் பச்சை, மாவட்ட எல்லைக்குச் சிவப்பு, ஆறுகளுக்கு நீலம் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தோம். மருமகன் கொண்டுவந்த படத்தில் கோடுகள் அச்சில் வார்த்தாற்போல் இருந்தன. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதும் பழுப்பு, எல்லைக்கோடு கரும்பச்சை. தாமிரபரணியும் சிற்றாறும் மட்டும் பிழையின்றி நீலமாக ஓடின.

“காடு என்ன நிறம்?” என்றோம்.

“பச்சை, சார்.”

“அப்படியானால் இது?”

படத்தைப் பார்த்தான்; நம்மைப் பார்த்தான். “பச்சைதான், சார்.”

வகுப்பு சிரித்தது. நம்மைக் கேலி செய்கிறான் என்று கருதினோம். சொந்தக்காரப் பையனுக்குச் சலுகை காட்டுவதாகப் பிறர் எண்ணிவிடலாகாது என்ற நினைப்பும் சேர்ந்துகொண்டது. அளவுகோலால் அவன் விரல் முட்டியில் இரண்டு அடி கொடுத்தோம். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்னும் விதி அப்போதே இருந்தது. அது நமக்குத் தெரியாததன்று. படத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கையொப்பமும் இட்டோம்.

இன்று எண்ணிப் பார்க்கையில், அறிகுறிகள் ஒன்றன்பின் ஒன்றாக நம் கண்முன்னே வந்து நின்றிருக்கின்றன. அவன் கோவிலில் பூசை உதவிச் சிறுவனாக இருந்தான். வேதசாட்சியான புனித லாரன்ஸ் திருநாளன்று அதிகாலையில், சிவப்பு உடுப்பை எடுத்து வைப்பதற்குப் பதிலாகப் பச்சை உடுப்பை மடிப்புக் கலையாமல் விரித்து வைத்திருந்தான். பங்குத் தந்தை நல்ல மனிதர்; “இன்னும் தூக்கம் கலையவில்லையோ?” என்று சிரித்துவிட்டு வேறு உடுப்பை எடுத்துக்கொண்டார். மற்றொருமுறை, குற்றாலத்தில் நண்பர் ஒருவரின் தோட்டத்துக்குக் குடும்பமாகச் சென்றிருந்தோம். ரம்புட்டான் மரம் காய்த்துக் குலுங்கியது. பத்தடி தூரத்தில் நின்ற எவர்க்கும் மரம் தீப்பற்றியதுபோல் தெரியும். மற்றப் பிள்ளைகள் பாய்ந்து பறிக்க, இவன் மட்டும் கீழே நின்றவாறே, “இந்த மரத்தில் பழமே இல்லையே, மாமா” என்றான். நாம் உரக்கச் சிரித்தோம்.

மருமகனுக்குச் சிறு வயது முதலே இரயில் என்றால் உயிர். செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லம் செல்லும் அந்தப் பாதை 1904-இல் போடப்பட்டது. 2010-இல் மீட்டர் பாதை மூடப்படுமுன் அதில் அவனைப் பலமுறை அழைத்துச் சென்றிருக்கிறோம். பதின்மூன்று கண் பாலம் வரும்போது சன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொள்வான். அகலப்பாதையாக மாறி 2018-இல் அவ்வழி மீண்டும் திறக்கப்பட்ட பிறகு, அதே பாதையில் வண்டி ஓட்ட வேண்டும் என்பதே அவன் கனவு. உதவி லோகோ பைலட் பதவிக்குத் தேர்வு எழுதினான், தேறினான். எஞ்சியிருந்தது மருத்துவச் சோதனை மட்டுமே. வண்டி ஓட்டுவோர்க்கு ‘ஏ-1’ என்னும் முதல் தரப் பார்வை வேண்டும். புள்ளிகளால் நிறைந்த ஒரு புத்தகத்தை அவன் முன் வைத்தார்கள். ஜப்பானியக் கண் மருத்துவர் இஷிஹாரா 1917-இல் வெளியிட்ட சோதனை அது. நிறம் பிரித்தறியும் கண்ணுக்குப் புள்ளிகளின் நடுவே ஓர் எண் தெரியும். மருமகன் முதல் பக்கத்தில் எண்ணைச் சொன்னான். அதன்பின் பக்கம் பக்கமாகத் திருப்பியும் அவனுக்குப் புள்ளிகளே தெரிந்தன.

அன்றிரவு வீட்டில் நடந்தவற்றை விரித்துரைக்க விருப்பமில்லை. தங்கையின் மாமியார் அடுக்களை வாசலில் நின்று, “எங்கள் வம்சத்தில் இப்படி ஒன்று கிடையாது. இது உன் வீட்டிலிருந்து வந்தது” என்றார். தங்கை மறுமொழி கூறவில்லை. மறுநாள் நம் வீட்டுக்கு வந்தவள், “நான் என்ன பாவம் செய்தேன், அண்ணே?” என்று மட்டும் கேட்டாள். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள் இதே கேள்வியை எழுப்பியதும், அதற்கு ஆண்டவர் தந்த விடையும் யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் உள்ளன, வாசகர் அறிந்ததே. தங்கையும் அதனை அறிவாள். எனினும் மாமியாரின் சொல் அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது. அம்முள்ளை எடுக்க வேண்டுமானால், இக்குறை எங்கிருந்து எவ்வாறு வருகிறது என்பதை முதலில் நாம் அறிந்தாக வேண்டும் என்று தோன்றியது. ஓய்வு பெற்றவர்க்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. படிக்கத் தொடங்கினோம்.

இக்குறையை முதன்முதலில் விரிவாக எழுதியவர், அணுக் கொள்கையால் புகழ்பெற்ற ஜான் டால்டன். தாம் காணும் நிறங்கள் பிறர் காணும் நிறங்கள் அல்ல என்பதை அவர் தெளிந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்தைக் கடந்திருந்தது. 1794-இல் மான்செஸ்டர் அறிஞர் கழகத்தில் அதைப்பற்றிக் கட்டுரை படித்தார். தம் கண்ணினுள் இருக்கும் நீர்மம் நீலச் சாயம் கலந்ததாக இருக்க வேண்டும் என்பது அவர் ஊகம். தாம் இறந்தபின் கண்ணைத் திறந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி வைத்தார். 1844-இல் அவர் மறைந்ததும் மருத்துவர் அவ்வாறே செய்தார்; நீர்மம் தெளிந்த நீர் போலவே இருந்தது. ஆனால் எஞ்சிய கண் துணுக்குகளை மான்செஸ்டரில் பாதுகாத்து வைத்திருந்தார்கள். ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல், அத்துணுக்குகளிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்துப் பார்த்தபோது, பச்சையை உணர்வதற்குரிய மரபணு அவருக்கு இல்லை என்பது வெளிப்பட்டது. இறந்தவர் கண்ணும் சாட்சி சொல்லியது.

குடும்பத்தில் இது இறங்கும் வழியைச் சுவிட்சர்லாந்தின் கண் மருத்துவர் ஹார்னர் 1876-இல் எடுத்துக் காட்டினார். நிறக்குறை உள்ள தந்தைக்குப் பிறக்கும் பெண்மக்கள் நன்றாகவே பார்ப்பர். ஆனால் அப்பெண்களின் ஆண்மக்களில் சிலர்க்குத் தாத்தாவின் கண் வந்து சேரும். பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்றே. இரண்டில் ஒன்று பழுதாயினும் மற்றது பெண்ணைக் காக்கும். ஆணுக்கு அந்தக் காப்பு இல்லை. 1911-இல் அமெரிக்கரான வில்சன் இக்குறையை எக்ஸ் குரோமோசோமில் கொண்டுபோய் இருத்தினார். மனிதரின் ஒரு தன்மை இந்தக் குரோமோசோமில் உள்ளது என்று சுட்டிக் காட்டப்பட்டது அதுவே முதல் முறை. குரோமோசோம் என்ற சொல்லுக்கே ‘நிறமேறும் உடல்’ என்று பொருள். சாயம் தோய்த்தால் தெளிவாகத் தெரிவதால் அப்பெயர். நிறம் காணாத குறைக்குப் பொருத்தமான இருப்பிடம்தான்!

ஆகவே நம் கேள்வி சுருங்கியது. தங்கைக்கு இது வந்தது தாய் வழியா, தந்தை வழியா? பங்குக் கோவிலுக்குச் சென்று ஞானஸ்நானப் பதிவேடுகளைப் புரட்டினோம். நான்கு தலைமுறைப் பெயர்கள் கிடைத்தன. யார் யாருக்கு மகன், யார் யாருக்கு ஞானத்தாய் என்பதெல்லாம் அழகிய கையெழுத்தில் இருந்தன. கண்ணைப்பற்றி மட்டும் எப்பதிவேடும் பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பி, எண்பதைக் கடந்த அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தோம். அத்தை வெற்றிலையை மடித்தபடி, “உன் அப்பாவுக்கு மிளகாய் பொறுக்கத் தெரியாதே! பழுத்ததையும் காயையும் ஒன்றாகப் போட்டுக் காய வைத்துவிடுவான். எங்கள் தாய்மாமன் ஒருவரும் அப்படித்தான்” என்றார்.

நமக்குள் ஒரு கதவு திறந்தது. தந்தையார் இலஞ்சிப் பக்கம் வயல் வைத்துப் பயிரிட்டவர். மாம்பழத்தை முகர்ந்து பார்த்தே பதம் சொல்வார். அதை ஒரு கைவண்ணம் என்று ஊரார் மெச்சினர். பண்டிகைதோறும் அம்மாவுக்கு அவர் எடுத்துவரும் சேலை நீலமாகவே இருக்கும். கிறிஸ்துமசுக்கும் நீலம், உயிர்ப்பு விழாவுக்கும் நீலம். தேவமாதாவின்மீது அவருக்கிருந்த பக்தியே அதற்குக் காரணம் என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம். அம்மாவும் அப்படித்தான் நம்பி அச்சேலைகளை உடுத்தினார். பக்தியும் இருந்திருக்கும், இல்லை என்று சொல்ல நாம் யார்? ஆனால் கடையில் அடுக்கிக் கிடக்கும் நூறு சேலைகளுள் அவர் கண் ஐயமின்றி நம்பிய நிறம் அது ஒன்றே என்பதும் இப்போது விளங்குகிறது. அவர் எவரிடமும் சொன்னதில்லை. ஒருவேளை அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம்.

தந்தையின் ஒரே எக்ஸ் குரோமோசோம் மகளுக்கே செல்லும், மகனுக்குச் செல்லாது. நாமும் அந்தப் புள்ளிப் புத்தகத்தைப் பார்த்தோம். எண்கள் எல்லாம் தெரிந்தன. அப்பாவின் வீடும் வயலும் நமக்கு வந்தன. தங்கைக்கு நகையும் பாத்திரமும் கொடுத்து அனுப்பினோம். அவற்றோடு இதுவும் ஒருவர் கண்ணிலும் படாமல் அவளோடு சென்றிருக்கிறது. பாகப்பிரிவினையின்போது எவரும் எழுதாத சொத்து.

இவ்வளவும் தெரிந்தபின் நிறுத்தியிருக்கலாம். ஆனால் “எவ்வாறு பழுதாகிறது?” என்ற கேள்வி மீந்து நின்றது. பழுது என்றால் யாரோ எப்போதோ செய்த தவறு என்றுதான் தங்கை பொருள் கொள்வாள். எனவே இன்னும் சிறிது தூரம் போனோம். அங்கேதான் நாம் எதிர்பாராத ஒரு வரைபடம் காத்திருந்தது.

மரபணுக்களுக்கு வரைபடம் எழுதுவது இரண்டு வகை. ஒன்று ஊகத்தால் எழுதுவது. குற்றாலம் பேரருவியில் கூட்டம் நெரியும்போது, அருகருகே நிற்கும் இருவர் பெரும்பாலும் சேர்ந்தே வெளிவருவர்; தள்ளி நிற்பவர்கள் பிரிந்துபோவர். அதுபோல, இரண்டு தன்மைகள் தலைமுறைதோறும் சேர்ந்தே இறங்கினால் அவற்றின் மரபணுக்கள் அருகருகே உள்ளன என்று கொள்ளலாம். இம்முறையால் 1937-இல் ஜூலியா பெல் அம்மையாரும் ஹால்டேனும், நிறக்குறையும் குருதி உறையாமை நோயும் எக்ஸ் குரோமோசோமில் நெருங்கிய அண்டை வீட்டார் என்று காட்டினர். இந்த ஹால்டேன் பின்னாளில், 1957-இல், நம் நாட்டுக்கே வந்து குடியுரிமையும் பெற்று, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்தவர்.

ஆனால் “பக்கத்து வயல்தான்” என்று ஊர்ப் பெரியவர் கைகாட்டுவதும், நில அளவர் சங்கிலி பிடித்துப் புலப்படம் எழுதுவதும் ஒன்றாகா. அந்தச் சங்கிலி வேலை நடந்தது அமெரிக்காவில், ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில். ஜெரமி நேதன்ஸ் என்னும் இளைஞர், பேராசிரியர் ஹாக்னஸ் முதலியோருடன் சேர்ந்து, நிறம் உணரும் மூன்று மரபணுக்களையும் பிரித்தெடுத்து 1986-இல் வெளியிட்டார். அதற்கு அவர் பயன்படுத்தியது தம் சொந்த டி.என்.ஏ.வையே. கண்ணின் கூம்புச் செல்களில் சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என மூன்று வகை நிறமிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு. நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. இராமன் தம் இறுதிக் காலத்தில் பூக்களின் நிறங்களிலும் பார்வையிலும் ஆழ்ந்து, 1968-இல் ஒரு நூலே எழுதினார். மூவகை உணர்வி என்னும் கொள்கையை அவர் ஏற்கவில்லை. பெரியவர்களும் சில வேளைகளில் பிழைபட்ட பக்கத்தில் நிற்பதுண்டு. நமக்கு இதில் ஓர் ஆறுதல்.

நீலத்துக்குரிய மரபணு 7-ஆம் குரோமோசோமில் தனியே இருக்கிறது. மருமகனின் படத்தில் சிற்றாறு பிழையின்றி நீலமாக ஓடியதற்குக் காரணம் இதுவே! சிவப்பும் பச்சையும் எக்ஸ் குரோமோசோமின் ஒரு நுனியில், ஒரே இடத்தில் கூடி நிற்கின்றன. இரண்டும் உடன்பிறப்புகள். அவை உண்டாக்கும் புரதங்கள் ஒவ்வொன்றும் 364 கண்ணிகள் கொண்ட சங்கிலி. அவற்றுள் வேறுபடுபவை ஏறக்குறைய 15 மட்டுமே. நிறக்குறையுள்ள 25 ஆண்களின் டி.என்.ஏ.வை அவர்கள் ஆராய்ந்தபோது, சிலரிடம் பச்சை மரபணுவே காணவில்லை. சிலரிடம் சிவப்பும் பச்சையும் ஒட்டுப்போட்ட கலப்பு மரபணு இருந்தது. இவை வரிசையாக அடுத்தடுத்து நிற்பதால்தான் இவ்வாறு நேர்கிறது என்று நேதன்ஸ் கருதினார். கருதியதுதான், நிற்கும் வரிசையை எவரும் அளந்து பார்க்கவில்லை.

அளந்தது 1988-இல். வால்ராத், நேதன்ஸ், டேவிஸ் ஆகிய மூவரும் டி.என்.ஏ. இழையைக் குறித்த சில இடங்களில் மட்டும் வெட்டும் நொதிகளால் மிக நீண்ட துண்டுகளாக நறுக்கி, துண்டுகளின் நீளத்தைக் கணக்கிட்டனர். நீண்ட துண்டுகளைப் பிரிப்பது எளிதன்று. கூழ் போன்ற தட்டில் மின்சாரம் பாய்ச்சினால் சிறு துண்டு விரைந்து ஓடும். பெருந்துண்டுகள் எல்லாம் ஒன்றுபோலவே ஊரும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஒரு வழி கண்டிருந்தார்கள்: மின்சாரத்தின் திசையை அடிக்கடி மாற்றுவது. திருவிழாவில் தெரு முக்குத் திரும்புவதை நினைத்துக்கொள்க. மெழுகுதிரி ஏந்திய சிறுவன் நொடியில் திரும்பிவிடுவான். சப்பரம் திரும்ப எவ்வளவு நேரம்! நீளமான துண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் பின்தங்கும். அந்தப் பின்தங்கலே அதன் நீளத்தைக் காட்டிவிடும்.

மரபணுக்களின் எண்ணிக்கை வேறுபட்ட நான்கு பேரிடம் இவ்வாறு அளந்தனர். கிடைத்த படம், நம் பக்கத்து வளவு வீடுகளைப் போன்றது. ஒரே கொத்தனார் ஒரே அளவில் கட்டிய வரிசை. எல்லா வாசலும் ஒரே திசை நோக்கி. ஒரு வீட்டின் தொடக்கத்திலிருந்து அடுத்த வீட்டின் தொடக்கம் வரை ஏறக்குறைய 39,000 எழுத்து நீளம். வரிசையின் முதல் வீடு சிவப்பு. அதை அடுத்துப் பச்சை. சிலருக்கு ஒரு பச்சை, பலருக்கு இரண்டு, சிலருக்கு அதற்கும் மேல். சிவப்பு எப்போதும் ஒன்றே. ஏனெனில் அது ஓரத்து வீடு.

இனிப் பழுது எவ்வாறு வருகிறது என்று சொல்லிவிடலாம். பெண்ணின் உடலில் கருமுட்டை உருவாகும்போது, அவளுடைய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களும் பக்கம் பக்கமாக நின்று துண்டுகளை மாற்றிக்கொள்ளும். படைப்பில் அமைந்த ஒழுங்கு அது. ஒவ்வொரு தாயிடமும் நடப்பது. ஆனால் வளவு வீடுகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் இருட்டில் வருபவன் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதில்லையா? அதுபோல் வரிசை ஒரு வீடு தள்ளிப் பொருந்திவிட்டால், ஒரு பக்கம் ஒரு வீடு மிகும். மறுபக்கம் ஒரு வீடு குறையும். வெட்டு வீட்டின் நடுவிலேயே விழுந்தால், முன்கட்டு சிவப்பும் பின்கட்டு பச்சையுமாக ஒரு கலப்பு வீடு உண்டாகும். மருமகனுக்கு உள்ளது சிவப்பை உணர்வதில் குறை என்று கண் மருத்துவர் சொன்னார். அவ்வகையினரிடம் பெரும்பாலும் காணப்படுவது, முதல் வீடே இவ்வாறு கலந்துபோன நிலைதான்.

வீடுகள் ஒத்திருப்பதால் இத்தவறு அடிக்கடி நேர்கிறது. எனவேதான் இக்குறை உலகில் இவ்வளவு பரவலாக உள்ளது. ஐரோப்பிய வழியினரில் ஆண்கள் நூற்றுவரில் ஏறக்குறைய எண்மருக்கு உண்டு. பெண்களில் இருநூற்றுவரில் ஒருவருக்கு. நம்மவரிடம் அவ்வளவு இல்லை எனினும் அரிதன்று. நம் பங்கில் ஞாயிறு திருப்பலிக்கு வரும் ஆண்களுள்ளும் சிலர் இருக்கவே செய்வர்.

ஒரு நாள் மாலை, தங்கை வீட்டுத் திண்ணையில் நாள்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் இந்த வளவை வரைந்து காட்டினோம். மாமியாரும் கதவருகே வந்து நின்றார். “உன் மாமியார் சொன்னதில் பாதி உண்மை. இது நம் வீட்டிலிருந்து வந்ததுதான், அப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவுக்கு அவருடைய அம்மாவிடமிருந்து. அதற்கு முன் எந்தத் தாயின் வயிற்றில் வரிசை தள்ளிப் பொருந்தியதோ, நமக்குத் தெரியாது. அவளும் அதை அறியமாட்டாள். உறங்கும்போது மூச்சு விடுவதுபோல் நடந்த ஒன்று” என்றோம். தங்கை தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். “அப்பா நீலச் சேலையே வாங்கினாரே, அண்ணே” என்றாள். அவளுக்கும் அதுதான் நினைவுக்கு வந்திருக்கிறது.

மாமியார் அப்போது வாய் திறந்தார். “பெண் குழந்தைக்கும் இது இருக்குமா?” தங்கையின் மகளைக் கேட்கிறார், தம் மகன் வயிற்றுப் பேத்தியை. இருக்கப் பாதி வாய்ப்பு, இல்லாதிருக்கப் பாதி வாய்ப்பு. அவள் கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. அவளுக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைக்கு வரலாம் என்றோம். கிழவி சிறிது நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் எல்லோருக்கும் காப்பி கலந்து கொண்டுவந்தார். ‘உன் வீடு, எங்கள் வம்சம்’ என்ற பேச்சை அதற்குப் பின் அவர் எடுக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது இதைச் சொல்ல வேண்டுமா என்று மட்டும் நம்மிடம் ஒருமுறை தனியாகக் கேட்டார். சொல்லிவிடுவதே நல்லது என்றோம். நாம் சொன்னது சரிதானா என்ற எண்ணம் இன்னும் உண்டு. ஊரார் வாய் நம் வரைபடத்தைப் படித்துவிட்டுப் பேசுவதில்லையே.

இரயில்வேயின்மீது நமக்கு வருத்தம் இல்லை. 1875-இல் சுவீடனில் லாகர்லுண்டா என்னும் இடத்தில் இரண்டு இரயில்கள் மோதின. நிறக்குறையே காரணமாக இருக்கலாம் என்று கருதிய ஹோல்ம்கிரன் என்னும் பேராசிரியர், நிற நூல் கற்றைகளைக் கொண்டு ஊழியர்களைச் சோதிக்கும் வழக்கத்தைப் புகுத்தினார். சிவப்பை உணராத கண்ணுக்குச் சிவப்பு விளக்கு மங்கித் தெரியும். மழையிரவில் பகவதிபுரத்துக்கு அப்பால் மலை வளைவில் வண்டி ஓட்டும் பொறுப்பு விளையாட்டன்று. மருமகனே இதை நம்மிடம் சொன்னான். ஆனால் எல்லாப் பணிக்கும் அக்கண் தேவையில்லை. மிதமான நிறக்குறை உள்ளோரும் வாகன உரிமம் பெறலாம் என்று நடுவண் அரசு 2020-இல் விதியைத் திருத்தியது. நம் மாநில மின் கழகத்தில் உதவிப் பொறியாளர் பணிக்குத் தேர்வாகி, நிறக்குறையால் மறுக்கப்பட்ட ஒருவருக்கு, பொருத்தமான பணியில் அமர்த்துமாறு உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பு வழங்கியது. மருமகனும் மீண்டும் தேர்வு எழுதினான். இரயில்வேயிலேயே, நிறம் கேட்காத ‘சி-2’ தரத்தில், கணக்குப் பிரிவில் எழுத்தராக அமர்ந்திருக்கிறான். வண்டியின் ஓசை கேட்கும் தொலைவில்தான் அலுவலகம் என்று அவனுக்கு மகிழ்ச்சி. 2009-இல் அமெரிக்காவில், பிறவியிலேயே சிவப்பறியாத ஓர் ஆண் குரங்குக்கு, மனிதரின் சிவப்பு மரபணுவைக் கண்ணில் செலுத்தி நிறம் காணச் செய்தார்கள். குரங்குக்கு டால்டன் என்றே பெயர். அதைச் சொன்னபோது, “முதலில் குரங்குகள் பார்க்கட்டும், மாமா” என்றான்.

சென்ற சாரலின்போது அவன் விடுப்பில் வந்திருந்தான். ஐந்தருவியில் குளித்துவிட்டுத் திரும்பும் வழியில் ரம்புட்டான் வாங்கினோம். பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து, முள்ளை விரலால் தடவி, மென்மையானதாகப் பார்த்துப் பொறுக்கினான். ஒன்றும் பிழைபடவில்லை, கடைக்காரரே வியந்தார். வீட்டுக்கு வந்ததும் தங்கை பரணிலிருந்து எடுத்து வைத்திருந்த பழைய ஏட்டை நீட்டினாள். அந்த மாவட்டப் படம். நமக்கு முகம் சுருங்கியது. மருமகன் அதை மடியில் வைத்துக்கொண்டு பழுப்பு மலையைப் பார்த்தான், ஆற்றைப் பார்த்தான். பிறகு ஓரத்தில் இருந்த நம் கையெழுத்தின்மீது விரலை வைத்தான்.

“இதைச் சிவப்பு மையால் எழுதியதாக அம்மா இப்போது சொல்கிறாள். உண்மையா, மாமா?”

“ஆம்” என்றோம்.

“கருப்பு என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்” என்றான்.